மேடை இறங்கிய மேய்ப்பர்

அவைக்குத் தலைமை ஏற்று அமர்ந்திருக்கும் பெரியவர் சங்கரலிங்கம் அவர்களே! இன்று இந்தச் சபையின் பாரத்தை முறைப்படி தோளில் ஏற்றுக்கொள்ளும் இளையவர், போதகர் விமல் அவர்களே! இத்தனை காலம் அந்தப் பாரத்தைச் சுமந்து, இன்று மேடையை விட்டு இறங்கி, முன்வரிசையில் நம்மில் ஒருவராய் அமர்ந்திருக்கும் என் மதிப்பிற்குரிய காசிராஜன் அய்யா அவர்களே! இன்பத்திலும் இடரிலும் அவரை விட்டு அகலாத துணைவியார் அழகுத்தாய் அம்மா அவர்களே! தையல் மெஷினை மூடி வைத்துவிட்டுத் தளவாய்புரத்திலிருந்து வந்திருக்கும் தாய்மார்களே! களையெடுப்பைக் காலையிலேயே முடித்துவிட்டுச் சோழபுரத்திலிருந்து வந்திருக்கும் பெரியோர்களே! கூமாப்பட்டியிலிருந்து பஸ் மாறி பஸ் ஏறி வந்திருக்கும் உறவுகளே! முதல் ஷிப்ட் முடிந்த கையோடு, தலைமுடியில் ஒட்டிய பஞ்சைக்கூடத் தட்டாமல் வந்து நிற்கும் மில் சகோதரர்களே! உங்கள் அனைவரின் பாதங்களையும் என் தமிழால் தொட்டு வணங்குகிறேன்.

என் பெயர் ஜாஸ்மின். ஸ்ரீவில்லிபுத்தூரில் பெண்பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுப்பவள். இந்தச் சபையில் ஞானஸ்நானம் பெற்றவள். இந்தச் சபையில் தாலி ஏற்றவள். இந்தச் சபையின் கல்லறைத் தோட்டத்தில் கணவனைக் கொடுத்தவள். மில்லில் வேலை பார்த்த இம்மானுவேலின் மனைவி.

அழைப்பிதழில் என் பெயருக்கு எதிரே 'வாழ்த்துரை' என்று போட்டிருக்கிறார்கள். வாழ்த்தத்தான் வந்தேன். ஆனால் வாழ்த்துக்குப் போகும் வழியில் எனக்கு ஒரு கண்ணீர்க்காடு கிடக்கிறது. அதைக் கடந்துதான் வர முடியும். செத்த நேரம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்ன அண்ணாச்சி? பின்னால் கேட்கவில்லையா? இதோ, மைக்கைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டேன். இப்போது கேட்கிறதா? நல்லது. கேட்கவில்லை என்று வாய்விட்டுச் சொன்னீர்களே, அதற்கே உங்களுக்கு ஒரு கும்பிடு. கேட்காததைக் கேட்கவில்லை என்று சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்பதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

நான் பேசவேண்டும் என்று சொன்னவர் அய்யாதான். போன வாரம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். வந்தவரை உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"தாயி, விழாவுல நீதான் பேசணும்" என்றார்.

"என்னைய விடுங்க அய்யா. உங்களப் பத்தி நல்லது சொல்ல எம்புட்டோ பேரு இருக்காக" என்றேன்.

"நல்லது சொல்லத்தான் ஆள் இருக்கே! நடந்ததச் சொல்ல நீ ஒருத்திதான் இருக்க. ஒண்ணையும் மறைக்காமச் சொல்லு. விமல் கேக்கணும். சனம் கேக்கணும்."

ஆகவே, அன்பர்களே, இதை நான் அவர் அனுமதியோடு சொல்கிறேன். அனுமதி என்ன அனுமதி, அவருடைய ஆணையோடு சொல்கிறேன்.

காசிராஜன் அய்யாவின் குரலை அறியாதவர் இந்த ஊரில் உண்டா? மலையில் மோதி மழையாய் இறங்கும் குரல் அல்லவா அது! மைக் இல்லாத காலத்திலேயே, ஆலயத்தில் அவர் 'ஆண்டவரே' என்று அழைத்தால் அடுத்த தெருவில் அடுப்பூதிக்கொண்டிருப்பவள் ஒரு கணம் ஊதுகுழலைக் கீழே வைப்பாள். கல்யாணத்தில் அந்தக் குரல் கரும்பாய் இனிக்கும். கல்லறையில் அதே குரல் நம் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அந்தக் குரலுக்காகவே ஞாயிறுதோறும் கூடியது கூட்டம்.

அந்தக் குரல் எங்கே வளர்ந்தது தெரியுமா? ஊழியத்துக்கு வருவதற்கு முன்னால் அய்யா மில் தொழிலாளி. நூல் சுற்றும் ரிங் ஃப்ரேம் கூடத்தில் நின்றவர். பக்கத்து மெஷினில் நின்றவர் என் கணவர் இம்மானுவேல். அந்தக் கூடத்தில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். என்ன சகோதரர்களே, தெரியுமா தெரியாதா? ஆ! கை தூக்குகிறீர்கள். காதுக்குள் வாய் வைத்துக் கத்தினாலும் அங்கே கேட்காது. உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்ள வேண்டும். அப்படி உதட்டைப் படித்தே உயிர்த்தோழர்கள் ஆனவர்கள் அந்த இருவர். பின்னாளில் ஒருவர் போதகர் ஆனார். ஒருவர் மெஷினோடேயே இருந்தார். ஆனாலும் என் கணவருக்கு அவர் 'அய்யா'வும்தான், 'அண்ண'னும்தான். எங்கள் கல்யாணத்தை நடத்திவைத்தது அவர். எங்களுக்குப் பிள்ளையில்லை என்று ஊர் பேசியபோது, எங்கள் வீட்டுக்கு வந்து எங்களோடு சாப்பிட்டு, 'நான் இருக்கேன்லா' என்று சொல்லிப்போனதும் அவர்.

அந்த மெஷின் சத்தம் குரலை வளர்த்தது. ஆனால், அன்பர்களே, அதே சத்தம் காதைத் தின்றது.

இளமையில் கடித்த கடி முதுமையில்தான் தெரிந்தது. கொஞ்சம் கொஞ்சமாக அய்யாவுக்குக் காது மங்கியது. யாருக்குத் தெரிந்தது? யாருக்கும் தெரியவில்லை! முகத்துக்கு நேரே நின்று பேசினால் உதட்டைப் படித்துவிடுவார். போன் வந்தால் அம்மா எடுத்துவிடுவார். குரலோ முன்பைவிட ஓங்கி ஒலித்தது. குரல் கேட்டுக் குளிர்ந்த நாம், அவர் காதைப் பற்றி என்றைக்காவது கவலைப்பட்டோமா?

போன வருடம் என் கணவருக்கு நெஞ்சில் நீர் கோத்தது. இங்கே ராஜபாளையம் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவே இடைவெளி நீண்டுகொண்டே போகிறது. என் கையைப் பிடித்தார்.

"ஏட்டி, அய்யாவக் கூட்டிட்டு வா. அவிய கையால திருவிருந்து வாங்கணும்."

"வாங்கலாம். உடம்பு நல்லாயி, வீட்டுக்குப் போயி வாங்கலாம்."

"வீட்டுக்கு இல்ல. இன்னைக்கு. போ."

நாத்தனாரைக் கட்டிலருகே உட்காரவைத்துவிட்டு ஓடினேன். ஆலயத்தில் ஆராதனை முடிந்துவிட்டது. அய்யா முன்னால் நின்று, வரிசையில் வருகிறவர்கள் தலையில் கை வைத்து ஜெபித்துக்கொண்டிருந்தார். வரிசையை விலக்கிக்கொண்டு முன்னே போய்க் கத்தியிருக்கலாம். எனக்கு அப்படிப் பழக்கமில்லை. வரிசையில் நின்றேன். என் முறை வந்தது. தலையைக் குனிந்தேன். அவர் கையை வைத்தார். ஜெபிக்கும்போது அய்யா கண்ணை மூடிக்கொள்வார். அது உங்களுக்கும் தெரியும்.

குனிந்தபடியே சொன்னேன். "அய்யா, இவியளுக்கு ரொம்ப முடியல. இன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு வரணும். உங்களத்தான் கேக்காக."

தலைமேல் இருந்த கை ஒருமுறை அழுந்தியது. அந்தப் பெரிய குரல் சொன்னது: "ஸ்தோத்திரம்! எல்லாம் நல்லபடியா நடக்கும் தாயி. சமாதானமாப் போ."

சமாதானமாகப் போனேன், பெரியோர்களே! முகம் மலர்ந்து போனேன்! கட்டிலருகே போய், "சொல்லிட்டேன். அய்யா வாராக" என்றேன். அந்த முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் எந்தத் தமிழில் சொல்வேன்?

பிறகு காத்திருந்தோம். நடைபாதையில் செருப்புச் சத்தம் கேட்டால், 'அய்யாவா?' என்பார். நர்ஸ். மருந்து வண்டி உருண்டால், 'அய்யாவா?' என்பார். மருந்து வண்டி. போன் செய்தேன். மணி அடித்தது, அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. அம்மா அன்று மத்தியானம் தளவாய்புரத்தில் பெண்கள் ஜெபக்கூட்டத்துக்குப் போயிருந்தார்கள். அய்யா வீட்டில்தான் இருந்தார் என்பது பின்னாளில்தான் எனக்குத் தெரிந்தது. போன் அவர் கையெட்டும் தூரத்தில், மேஜைமேல் இருந்தது. பக்கத்திலேயே இருந்து அது கதறியது. அவர் மறு ஞாயிற்றுக்கான பிரசங்கத்தைத் தயாரித்துக்கொண்டிருந்தார்.

விளக்கு வைக்கும் நேரம். "வந்துட்டாகளா?" என்று கேட்டார். "வந்துட்டே இருக்காக" என்றேன். அவர் கண் வாசலிலேயே இருந்தது. அப்படியே இருந்தது. நான்தான் அதை மூடினேன்.

...

மன்னியுங்கள். தண்ணீர் போதும் தங்கச்சி, நன்றி.

அடக்கத்துக்கு அய்யா வந்தார். குழியருகே நின்று அந்தக் குரலில் அழுதார். "முந்தின நாளே தெரிஞ்சிருந்தா ஓடி வந்திருப்பேனே இம்மானுவேலு!" என்று அவர் அரற்றியபோது ஊரே அழுதது. நான் அழவில்லை. என் உள்ளம் உலையாய்க் கொதித்தது. சொன்னேனே! தலையில் கை வைத்துக் கேட்டாரே! இப்போது தெரியாது என்று கல்லறை மண்ணில் நின்று சொல்கிறாரே! மேய்ப்பன் என்று எண்ணினோமே, வேஷமா இது என்று எண்ணினேன். ஆலயத்துக்கு வருவதை நிறுத்தினேன்.

எத்தனை நாள் ஒருத்தி நெருப்பை மடியில் கட்டிக்கொண்டிருப்பாள்? ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டதும் ராஜபாளையம் பஸ் ஏறினேன். அய்யா வீட்டு வாசலில் நின்று கூப்பிட்டேன். அறைக்குள், ஜன்னலைப் பார்த்தபடி, முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். "அய்யா!" என்றேன். திரும்பவில்லை. "அய்யா!" என்று அலறினேன். அசையவில்லை. அவமதிக்கிறார் என்றே நினைத்தேன். அப்போது அடுப்படியிலிருந்து அம்மா ஓடிவந்து என் வாயைப் பொத்தினார்.

"கத்தாத தாயி. அவியளுக்குக் காது கேக்கல. ரொம்ப நாளாச்சு."

"சும்மா சொல்லாதீக அம்மா."

"ஆண்டவர் சத்தியமா. யாருட்டயும் சொல்லாதன்னாக. சனம் என் குரலுக்குத்தான வருது, குரல் நல்லாத்தான இருக்குன்னாக. நானும் மூடி மறச்சிட்டேன்."

நான் அவர் முன்னால் போய் நின்றேன். என்னைப் பார்த்ததும் எழுந்தார், சிரித்தார். நான் சொன்னேன். அவர் என் உதட்டையே பார்த்தார். சிரிப்பு மெல்ல மெல்ல வற்றியது.

"மறுபடி சொல்லு."

மறுபடியும் சொன்னேன்.

"எங்கிட்டச் சொன்னியா? வரிசையிலயா?"

"ஆமா."

"நான் என்ன சொன்னேன்?"

"சமாதானமாப் போன்னீக."

கரைகண்ட கப்பல் ஒன்று கண்முன்னே சாய்வதைப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்தார். அந்தச் சிங்கக் குரலில் ஒரு சொல் வரவில்லை. 'கேக்கல தாயி, கேக்கல தாயி' என்று உதடு மட்டும் அசைந்தது. அன்றைக்கு அந்த வீட்டில் நான்தான் உதட்டைப் படித்தேன்.

மன்னித்துவிட்டேன் என்று அன்று நான் சொல்லவில்லை. சொல்ல வரவில்லை. திரும்பி வந்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். பிரசங்க நேரத்தில் பிரசங்கம் செய்யாமல், போதகராய் அணிந்திருந்த அங்கியைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, நடந்ததைச் சொன்னார். காது கேட்காது என்றார். அதை மறைத்தேன் என்றார். பொறுப்பை உதவிப் போதகர் விமலிடம் விடுகிறேன் என்றார்.

விட்டீர்களா நீங்கள்? ஆலயமே எழுந்து நின்றதே!

கமிட்டிப் பெரியவர் ஒருவர் சொன்னார்: "காதுக்கு மெஷின் வச்சுக்கலாம் அய்யா. இதுக்குப் போயி யாராச்சும் இறங்குவாகளா?"

"வச்சுப் பாத்துட்டேன்யா. தனியா இருந்தாக் கொஞ்சம் கேக்குது. கூட்டத்துல எல்லாச் சத்தத்தையும் ஒண்ணாக் கொண்டாந்து கொட்டுது. பழைய ரிங் ஃப்ரேம் கணக்கா இரையுது."

"அப்ப நீங்க பிரசங்கம் மட்டும் பண்ணுங்க. வீடு, ஆஸ்பத்திரியெல்லாம் விமல் தம்பி பாக்கட்டும். உங்க குரலை நாங்க கேட்டாப் போதும்!"

அப்போது அய்யா சொன்ன சொல்லை இந்த ஆலயத்தின் வாசலில் செதுக்கி வைக்கவேண்டும். "நீங்க கேட்டாப் போதாதுய்யா. நான் கேக்கணும். தலப்பாகை எனக்கு, தலச்சுமை அவனுக்கா?"

ஒரு தாய் எழுந்தார். பெயர் வேண்டாம், இங்கேதான் இருக்கிறார், சிரிக்கிறார். "விமல் தம்பி பேசுனா மூணாவது பெஞ்சத் தாண்டாதே அய்யா!" என்றார்.

அம்மா மூன்று விரலைக் காட்டி, அந்தச் சொல்லை அய்யாவுக்கு எடுத்துச் சொன்னார். "அவன் பேசுறது உங்களுக்குக் கேக்கலைன்னா நல்ல மைக்கா வாங்குங்க தாயி. நீங்க பேசுறது அவனுக்குக் கேக்குதான்னு பாருங்க. அதுதான் முக்கியம்" என்றார் அய்யா.

இறங்குவது ஒரு நாளில் முடிகிற காரியமா? இல்லை! மேடையிலிருந்து ஒரு நொடியில் இறங்கிவிடலாம். மக்கள் மனத்திலிருந்து தானாக இறங்கி, அங்கே இன்னொருவரை ஏற்றிவைக்கிறாரே, அதுதான் மலையேறுவதைவிடக் கடினம். சபை வீட்டைக் காலி செய்துகொண்டு அய்யா ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வாடகை வீட்டுக்கு வந்தார். பக்கத்தில் இருந்தால் விமலின் நிழல் விழ இடமிருக்காது என்றார். ஆனாலும் அங்கேயும் தேடிப்போனோம். ஒரு குடும்பம், தவமிருந்து பெற்ற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, பழத்தட்டோடு போனது. "நீங்கதான் பேரு வைக்கணும் அய்யா." அவர் பிள்ளையை வாங்கினார். முகர்ந்தார். திருப்பிக் கொடுத்தார். "பேரு வைக்கப் போதகர் இருக்காரு. அவர்ட்டப் போங்க. நான் பாக்க வாரேன்" என்று அனுப்பிவைத்தார். கதவைச் சாத்திவிட்டுக் குழந்தைபோல அழுதார் என்று அம்மா சொன்னார். சொன்னபடியே வந்தார். கடைசி வரிசையில் நின்றார். விமல் பெயர் சொன்னார், அய்யாவுக்குக் கேட்கவில்லை. பக்கத்திலிருந்தவரிடம், "என்ன பேரு?" என்று கேட்டுக்கொண்டார்.

ஞாயிறுதோறும் வருகிறார். தன் காதில் விழாத பிரசங்கத்தின் முன்னால், கண்ணிமைக்காமல் உட்கார்ந்திருக்கிறார். இப்போதும், இதோ, நான் பேசுவதும் அவருக்குக் கேட்கவில்லை. உங்கள் முகத்தைத்தான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நீங்கள் அழுதால், நான் உள்ளதைச் சொல்லிவிட்டேன் என்று தெரிந்துகொள்வார்.

போதகர் விமல் அவர்களே! கூட்டம் குறைந்தது என்று நீங்கள் குமைந்தது எனக்குத் தெரியும். ஆலயத்துக்குத் திரும்பி வரத் தொடங்கிய பிறகு, நானும் உங்கள் பிரசங்கத்தில் தூங்கியிருக்கிறேன். சிரிக்காதீர்கள், உள்ளதைச் சொல்லத்தானே வந்தேன்! ஆனால் ஒன்று பார்த்தேன். யார் வந்து பேசினாலும், கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட்டுக் குனிகிறீர்கள். புரியாவிட்டால், 'திருப்பிச் சொல்லுங்க' என்கிறீர்கள். கூச்சப்படாமல் கேட்கிறீர்கள்.

பெரியோர்களே, தாய்மார்களே! ஒருவர் எப்போது இறங்கவேண்டும்? கால் தளர்ந்த பிறகா? கைதட்டல் ஓய்ந்த பிறகா? பிடித்துத் தள்ளும் கை முளைத்த பிறகா? இல்லை! குரல் கம்பீரமாய் இருக்கலாம். கூட்டம் குவிந்து வரலாம். மாலைகள் மலைபோல் விழலாம். ஆனால் நம்மை நம்பி வந்த ஒருத்தியின் சொல் நம்மிடம் வந்து சேரவில்லை என்றால், அன்றே, அப்பொழுதே, அழுதுகொண்டாவது இறங்கவேண்டும்! காது கேளாமை குற்றமல்ல. முதுமை குற்றமல்ல. கேட்பதாய்க் காட்டிக்கொண்டு ஆசனத்தில் இருப்பதுதான் ஆபத்து. அதற்கு நான் கொடுத்த விலை என் கணவரின் கடைசி ஆசை. அய்யா கொடுத்த விலை அவருடைய ஆயுள் முழுதின் ஊழியம். இந்த விலையை இனி இந்தச் சபையில் இன்னொருவர் கொடுக்கக் கூடாது. சபை மட்டுமா? சங்கம் நடத்துகிறவர்களே, பள்ளி நடத்துகிறவர்களே, குடும்பம் நடத்துகிற மாமியார்களே, உங்களுக்கும்தான்!

இன்னும் ஒன்று சொல்லி முடித்துக்கொள்கிறேன்.

போன மாதம், சோழபுரம் பெத்தம்மாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள் அல்லவா? இப்போது ஆண்டவரிடம் இருக்கிறார்கள். பார்க்கப் போனேன். என் கணவர் கிடந்த அதே வார்டு. கால் உள்ளே போக மறுத்தது. எட்டிப் பார்த்தேன். விமல் கட்டில்மேல் குனிந்து, பெத்தம்மாள் வாயருகே காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். கட்டிலின் கால்மாட்டில், ஸ்டூலில், அய்யா. பெத்தம்மாளின் பாதத்தைப் பிடித்தபடி இருந்தார். விமல் அவர் பக்கம் திரும்பி, மெதுவாக உதட்டசைத்துச் சொன்னார்: "மகனைப் பாக்கணுங்காக. பட்டாளத்துல இருக்கானாம்." அய்யா தலையாட்டினார். விமல் வெளியே போய் போன் போட்டார். திரும்பி வந்து, அந்த மகன் முகத்தைப் போனில் காட்டிப் பேசவைத்தார். பெத்தம்மாள் சிரித்தார்கள். பிறகு விமல் ஜெபித்தார். சின்னக் குரல். அய்யா இம்முறை கண்ணை மூடவில்லை. விமலின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோரும் ஆமென் சொன்ன பிறகு, கொஞ்சம் பிந்தி, தனியாக, 'ஆமென்' என்றார்.

வெளியே வந்தார்கள். விமல் மறுபடியும் வார்டுக்குள் போகவேண்டியிருந்தது. அய்யா ஆஸ்பத்திரி வாசலில் தனியாக நின்றார். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் வந்து நின்று ஹாரன் அடித்தது. அவருக்குத் தெரியவில்லை. எதிர்த்திசையில் பார்த்துக்கொண்டு நிற்கிறார். நான் போய் அவர் முழங்கையைப் பிடித்தேன். ஆலய வரிசையில் அவர் என் தலையைத் தொட்ட நாளுக்குப் பிறகு, அன்றுதான் நான் அவரைத் தொட்டேன். திரும்பினார். நான் என்று கண்டதும் கை கூப்பினார்.

முகத்துக்கு நேரே நின்று, அவர் படிக்கும்படி நிறுத்திச் சொன்னேன்: "பஸ் வந்துட்டு அய்யா. வாங்க, சேந்து போவோம்."

ஏறினோம். ஒரே சீட்டில் உட்கார்ந்து ஊர்வரை வந்தோம்.

தலைவர் அவர்களே, நேரம் கடந்தும் மணியடிக்காமல் என்னைப் பேசவிட்ட உங்கள் பெருந்தன்மைக்கு நன்றி. பொறுத்துக் கேட்ட தாய்மார்களுக்கு நன்றி. போதகர் விமல் அவர்களே, இந்தச் சபை உங்களைக் கைநீட்டி வரவேற்கிறது. காசிராஜன் அய்யா, என்னைப் பாருங்கள், என் உதட்டைப் பாருங்கள்: என் வீட்டுக்கு அம்மாவோடு சாப்பிட வாருங்கள். உங்கள் அனைவருக்கும் ஆண்டவரின் சமாதானம் உண்டாகட்டும். வணக்கம்.